பன்னிரண்டாவது நாற்காலி

7 ஜனவரி 2024, ஞாயிறு

நான் சரி என்று சொல்வதற்கு முன்பே டோரிஸ் பெட்டி வாங்கிவிட்டாள். நீல நிறம், நாலு சக்கரம். பிரிக்பீல்ட்ஸில் என் ஆபீசுக்கு இரண்டு கடை தள்ளி வாங்கி வைத்துவிட்டு, வேலை முடிந்து வரும்போது எடுத்து வரச் சொன்னாள். கே.எல். சென்ட்ரலில் இருந்து கிள்ளான்வரை கொமியூட்டர் ரயிலில் அந்தக் காலிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் வெளியூரா என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். பெட்டி இருக்கிறது, முடிவு இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் இந்த வரிசையில்தான் நடக்கும்.

இத்தாலிக்குப் போக வேண்டுமாம். அதுவும் ஈஸ்டர் வாரத்தில். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் போர்ட் டிக்சன், கேமரன் மலை, ஒரே ஒருமுறை வேளாங்கண்ணி. அதற்கு மேல் அவள் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். கேட்க வைத்தது யார்? அங்கேதான் இடிக்கிறது.

ஃபாதர் வாலண்டைன். எங்கள் கிள்ளான் ஆள். இப்போது சிசிலித் தீவில் பலெர்மோ என்ற ஊரில் இலங்கைத் தமிழர்களுக்குத் தமிழில் பூசை வைக்கிறான். குருப்பட்டம் வாங்கி இந்த வருடம் இருபத்தைந்தாவது வருடம். கிறிஸ்துமஸ் அன்று போனில் கூப்பிட்டு, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே இருந்தால் சந்தோஷப்படுவேன் என்றான். டோரிஸின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஞாபகம் வரவில்லை.

9 ஜனவரி

காலையில் மீன்காரரிடம் இத்தாலிய மொழியில் "பொன்ஜோர்னோ" என்றாள். அவர் ஒரு கிலோவா இரண்டு கிலோவா என்று கேட்டார்.

14 ஜனவரி, ஞாயிறு

எழுதிவிடலாம். எழுதினால் அடங்கும்.

டோரிஸின் வீடும் வாலண்டைனின் வீடும் அடுத்தடுத்த வீடு. இரண்டு அப்பாவும் ரயில்வே. சேர்ந்து கோயிலுக்குப் போய், சேர்ந்து பாட்டுக்குழுவில் பாடி வளர்ந்தவர்கள். இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சு இருந்தது. ஊருக்கே தெரியும். திடீரென்று ஒருநாள் பையன் சாமியாராகப் போகிறேன் என்று பினாங்குக்கு ரயில் ஏறிவிட்டான். மூன்று வருடம் கழித்து நான் பெண் பார்க்கப் போனேன்.

கல்யாணப் பந்தலில் டோரிஸின் சித்தி என் காதருகில் வந்து சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது. "தம்பி, சாமிக்குப் போனது போக மிச்சம் உங்களுக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். நன்றாகச் சிரித்த போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது.

சித்தி செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. வாக்கியம் சாகவில்லை.

ஒரு சாமியார் மேல் பொறாமைப்படும் ஆள் கிள்ளான் பட்டணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்னொரு ஆம்பளை என்றால் நேரே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். அங்கியை எப்படிப் பிடிப்பது?

20 ஜனவரி, சனி

பிரிக்பீல்ட்ஸில் பரமேஸ்வரனின் டிராவல் ஏஜென்சி. காசிக்கும் பழனிக்கும் ஆள் அனுப்புகிறவர். இத்தாலி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் முன்கூட்டியே திட்டம் வைத்திருந்தேன். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், மறுபடியும் ரோம். பலெர்மோ ஒரு ராத்திரி, ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. வக்கீல் ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எந்தத் தேதியை எங்கே தள்ளினால் எந்தச் சாட்சி வரமுடியாமல் போகும் என்று தெரியும். வெனிசில் படகில் போகலாம், தெரு எல்லாம் தண்ணீர் என்று நானே ஏஜெண்டு மாதிரி பேசினேன்.

டோரிஸ் எல்லாவற்றையும் கேட்டாள். தலையாட்டினாள். கடைசியில் பரமேஸ்வரனிடம், "பெரிய வியாழக்கிழமை மட்டும் பலெர்மோல இருக்கணும் தம்பி, மத்தது எங்க இருந்தாலும் சரி" என்றாள்.

அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று அவர் கேட்டார். நான் இல்லை என்றேன். அவள் ஆமாம் என்றாள். ஒரே நேரத்தில்.

25 ஜனவரி, தைப்பூசம்

விடுமுறை. எதிர்வீட்டுச் சிவநேசன் குடும்பத்தோடு பத்துமலைக்குப் போய்விட்டார். தெரு காலி. டோரிஸ் சமையலறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவன் குரல்பதிவு அனுப்புவான், இவள் கேட்பாள், திருப்பி அனுப்புவாள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறாள். ஏன் நிறுத்த வேண்டும்? மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?

மாலையில் வழக்கம்போல் வாசல் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டபிறகே காலுறையைக் கழற்றினேன். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் வலது காலில் இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி. மீதி விரல்கள் இருக்கின்றன, உணர்ச்சிதான் இல்லை. கொதிக்கிற தண்ணீரில் வைத்தாலும் தெரியாது. அதனால் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தபடி டோரிஸ் முதலில் தன் முழங்கையைப் பேசினில் இருக்கும் வெந்நீருக்குள் விட்டுப் பார்ப்பாள். விரலை நம்பக்கூடாதாம், சமையல் செய்து காய்த்த விரல். முழங்கை பொய் சொல்லாதாம். பிறகுதான் என் கால் தண்ணீருக்குள் போகும். துண்டால் விரல் இடுக்கெல்லாம் ஒற்றி எடுப்பாள். டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்ப்பாள். தினமும்.

விரல் போனது ஆபீசில் யாருக்கும் தெரியாது. கோயிலில் தெரியாது. பெட்டி விழுந்து நகம் பெயர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளிடமும் சொல்லியிருக்கிறேன், யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

3 பிப்ரவரி

இன்று "ஃபாதர் சொன்னாரு" என்று தொடங்கியவை: ஏப்ரல் வந்தாலும் அங்கே குளிரும். தெருவெல்லாம் கல் பதித்தது, காலுக்கு மெத்தென்ற சப்பாத்து வேண்டும். மீன் கொண்டுவரலாம், இறைச்சி கொண்டுவரக்கூடாது. எனக்கு இரண்டு அளவு பெரிய சப்பாத்து வாங்கினாள். வாத்து மாதிரி இருக்கிறது. ஃபாதர் சொன்னால் வாத்தும் மயில்தான்.

14 பிப்ரவரி, திருநீற்றுப் புதன்

வேடிக்கையைப் பார். சாம்பலும் காதலர் தினமும் ஒரே நாள்.

மதியம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் சாம்பல் வாங்கிக்கொண்டு, மண்ணுக்குத் திரும்புவாய் என்று சாமியார் சொல்லக் கேட்டுவிட்டு வெளியே வந்தால் பூக்கடையில் ரோஜா. இருபத்தெட்டு வருடத்தில் நான் வாங்கிக் கொடுத்ததில்லை. மல்லிகை வாங்கியிருக்கிறேன், அதுவும் அவள் சொல்லித்தான். ஒன்று வாங்கினேன். நெற்றியில் சாம்பல், கையில் ரோஜா, கொமியூட்டரில் எல்லாரும் பார்க்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே அவள் குரல். "ஃபாதர், இன்னிக்கு உங்க பேர் வச்ச புனிதருக்குத் திருநாள்ல? உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்." போனில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். வாலண்டைன். அவனுக்கு ஒரு சாதாரணப் பெயரை வைக்க அவன் அப்பாவுக்கு மனம் வரவில்லை.

ரோஜாவைக் கொண்டுபோய் மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன்.

"மாதாவுக்கா வாங்குனீங்க?"

ஆமாம் என்றேன்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தினாள். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன். மடையன்.

16 பிப்ரவரி

தவக்காலத்துக்கு எதை விடுவது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். சீனியை டாக்டர் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டார். பொறாமையை விடலாம் என்று முடிவெடுத்தேன். மதியச் சாப்பாடுவரை தாங்கியது.

2 மார்ச், சனி

சண்டை.

பலெர்மோவில் பெரிய வியாழன் பூசையில் கால் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் வேண்டுமாம். இயேசு காலைக் கழுவிவிட்ட அப்போஸ்தலர்களாக உட்கார. அதில் நான் ஒருவனாக இருக்க வேண்டும் என்று வாலண்டைன் கேட்டானாம்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒன்பது வருடம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். அது ஒரு மரியாதை. யாரும் அழுக்குக் காலோடு போவதில்லை. வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர்கூடப் போட்டுக்கொண்டு போவோம். சாமியார் கழுவுவது கழுவின காலைத்தான். வலது காலைத்தான் நீட்ட வேண்டும். எனக்கு விரல் போனதும் அந்த வலது காலில்தான். அதற்குப் பிறகு இடுப்பு வலி என்று சொல்லி ஒதுங்கிவிட்டேன். என் இடத்தில் வேறொருவர் உட்காருகிறார். சுருக்கென்று இருக்கும், பேசாமல் இருந்துகொள்வேன்.

இப்போது அவன் முன்னால் போய்க் காலுறையைக் கழற்ற வேண்டுமாம். எத்தனையோ பேர் பூமியில் இருக்க, அவன் முன்னால். டோரிஸ் கட்டிக்கொண்டது எந்த மாதிரி ஆள் என்று அவன் குனிந்து பார்க்க வேண்டுமாம்.

"அவன்கிட்டப் போயி நான் காலை நீட்டணுமா?" என்று கத்தினேன். கத்தினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"நீட்டுறதோட உங்க வேலை முடிஞ்சுது. குனியப்போறது அவருதான்லா" என்றாள்.

"விரல் விஷயத்தை அவன்கிட்டச் சொன்னியா?"

பதில் இல்லை. கோர்ட்டில் சாட்சி பேசாமல் நின்றால் எங்கள் வக்கீல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லிட்டாளா? சொல்லியிருப்பாளா? முப்பது வருஷமா மறக்காத ஆளுகிட்ட புருஷனோட ஊனத்தைச் சொல்லிச் சிரிச்சாளா? ச்சே. என்ன எழுதுறேன் நான். சிரிச்சிருக்க மாட்டா. ஆனா சொல்லியிருந்தா?

5 மார்ச்

பேச்சு இல்லை. பேசின் மட்டும் நேரத்துக்கு வந்தது. முழங்கையை விட்டுப் பார்த்தாள். காலைக் கழுவினாள். நான் டி.வி.யைப் பார்த்தேன், அணைத்திருந்த டி.வி.யை.

8 மார்ச், வெள்ளி

மதிய இடைவேளையில் பரமேஸ்வரனிடம் போனேன். பலெர்மோவை எடுத்துவிட முடியுமா என்று கேட்கத்தான் போனேன். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், "அக்கா நேத்து வந்தாங்க அண்ணே. வெனிசும் ஃபுளோரன்சும் வேணாம்னுட்டாங்க. ரோம் ரெண்டு நாள், மிச்சமெல்லாம் பலெர்மோ. உங்ககிட்டச் சொல்லிட்டேன்னாங்களே" என்றார்.

எதுவும் சொல்லவில்லை என்னிடம். வெனிசை எடுத்தாள், ஃபுளோரன்சை எடுத்தாள், அவன் ஊரில் கொண்டுபோய் எல்லா நாளையும் கொட்டினாள். இதைவிட வேறு என்ன சாட்சியம் வேண்டும்?

ஆமாம், சொன்னாள் என்றேன். பரமேஸ்வரன் டீ வாங்கித் தந்தார். சீனி போட்ட டீ. குடித்தேன்.

16 மார்ச், சனி

வீடு முழுக்க வாசம். மல்லி, மிளகாய், சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் தனித்தனியாக வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து வந்தாள். கறித்தூள், ஃபாதருக்கு. பிறகு நெத்திலிச் சம்பல், அதுவும் ஃபாதருக்கு. வெங்காயம் எண்ணெயில் சுண்டி, புளி விட்டு, கடைசியில் சீனி. இந்தச் சம்பல் என் தட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. எனக்கு அவித்த கீரையும் நாலு கைப்பிடிச் சோறும்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு கரண்டி எடுத்து நின்றபடியே தின்றேன். தாங்க முடியாத ருசி. இன்னொரு கரண்டி.

புட்டியில் அளவு குறைந்ததைப் பார்த்தாள். மாலையில் எனக்கு ஊசி போடும் முன் இரத்தத்தை இரண்டு தடவை சோதித்தாள்.

19 மார்ச்

பூச்சோங்கில் இருந்து மகள் குளோரியா வந்தாள். போனில் வரைபடம், மொழிபெயர்ப்பு எல்லாம் போட்டுக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, அவரு சாமியாருப்பா" என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் மட்டும்தான் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை பூசைக்கு வருவேன், நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று டோரிஸிடம் சொல்லிவிட்டேன். சரி என்றாள்.

23 மார்ச், விமான நிலையம்

நீலப் பெட்டி நிறையக் கறித்தூள். என் வேட்டி சட்டையெல்லாம் இனி ஒரு மாதத்துக்கு மணக்கும்.

24 மார்ச், ரோம், குருத்து ஞாயிறு

குருத்தோலை இல்லை. ஒலிவக் கிளையைக் கையில் கொடுக்கிறார்கள். டோரிஸ் அதை வளைத்துச் சிலுவை செய்யப் பார்த்தாள். ஒடிந்தது. கிள்ளானில் இந்நேரம் எல்லாரும் ஓலை மடித்துக்கொண்டிருப்பார்கள் என்றாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி தன் கிளையை இவளுக்குக் கொடுத்தார்.

இவ்வளவு அழகான ஊரை நான் போட்டோவில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. பொறாமைக்காரனுக்கும் கண் இருக்கிறது.

டோரிஸுக்கு வயதாகிவிட்டது. பெஞ்சைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு தெருவுக்கு இரண்டு தடவை. "கால் வலிக்குதா?" என்று கேட்டால், ஆமாம் என்கிறாள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

26 மார்ச், பலெர்மோ

பார்த்தாயிற்று.

முப்பது வருடமாக என் தலைக்குள் இருந்தவனுக்குச் சுருள் முடி, பாட்டுக்குழுக் குரல். விமான நிலையத்தில் நின்றவனுக்குத் தலையில் ஒரு முடி இல்லை. தடித்த கண்ணாடி. பழைய குளிர்ச்சட்டை, முழங்கையில் ஒட்டுப் போட்டது. "வாங்கண்ணே" என்று முதலில் என் கையைத்தான் பிடித்தான். டோரிஸைப் பார்த்து, "எளச்சிட்டியே" என்றான். ஒருமையில். அடுத்த வீட்டுப் பிள்ளைகள், ஒருமையில்தான் பேசுவார்கள். எனக்கு உறைத்தது.

பங்கு வீட்டில் தன் கீழறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போயிருக்கிறான். படியேற ஒருமாதிரி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறான். அறையில் கழுவித் துடைத்த குட்டிக் குளிர்பெட்டி ஒன்று, காலியாக. பெருந்தன்மை காட்டுகிறான். காட்டட்டும்.

சம்பலை மூடி திறந்து மோந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கிள்ளான் என்றான். ஒரு கரண்டிதான் சாப்பிட்டான். மிச்சத்தை இலங்கைப் பிள்ளைகளுக்கு என்று எடுத்து வைத்தான். இவ்வளவு கஷ்டப்பட்டு அரைத்தவளுக்கு ஒரு கரண்டிதானா மரியாதை? அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. என்னதான் வேண்டும் எனக்கு?

28 மார்ச், பெரிய வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயில் நிறைய யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். வேலை முடிந்து நேரே வந்த களைப்பு முகங்கள், பட்டுப்பாவாடைப் பிள்ளைகள். நான் கடைசி வரிசையில் வாத்துச் சப்பாத்தோடு உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் வந்து, "அண்ணை, உங்கட கதிரை முன்னுக்குக் கிடக்குது" என்றார். இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

நற்செய்தி வாசித்து முடிந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. பதினொன்றில் ஆட்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. பன்னிரண்டாவது காலி. வாலண்டைன் யாரையும் கூப்பிடவில்லை. மேலங்கியைக் கழற்றினான், இடுப்பில் துண்டைக் கட்டினான், முதல் ஆளுக்கு முன்னால் முழந்தாளிட்டான். செம்பால் தண்ணீர் ஊற்றி, துடைத்து, அடுத்த ஆள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ இருக்கும். பெண்கள் பக்கத்தில் இருந்து டோரிஸ் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடுப்பாதையில் முன்னால் நடந்தாள். காலி நாற்காலியை நோக்கி. இப்போதெல்லாம் பெண்களும் உட்காரலாம்தானே, தடையில்லையே.

அவன் அவள் காலைத் தொடப்போகிறான்.

நான் எப்படி எழுந்தேன், எப்படி அத்தனை வரிசையைத் தாண்டினேன் என்று தெரியாது. மெதுவாக நட, கல்லில் கால் இடறும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவளையே தாண்டிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். ஒரு குழந்தை சிரித்தது. உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்தது. டோரிஸ் ஒன்றும் நடக்காதது போல் பக்கத்து மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு திரியை ஏற்றிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

எழுந்து ஓட வழியில்லை. பத்தாவது ஆள், பதினோராவது ஆள். சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். இரண்டு வருடமாக டோரிஸையும் டாக்டரையும் தவிர யாரும் பார்க்காதது, ஊர் பேர் தெரியாத இத்தனை பேர் முன்னால், குளிர்ந்த கல்தரையில் இருந்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

என்னிடம் வந்ததும் அவன் செம்பை வாங்கவில்லை. வேறொரு பேசினைக் கொண்டுவரச் சொன்னான். லேசாக ஆவி பறந்தது. வெள்ளை அங்கியின் கையை மேலே சுருட்டினான். குனிந்து, முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

நான் கூரையில் இருந்து கண்ணை எடுத்தேன்.

பிறகு என் காலை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்தார். கழுவினார். துண்டால் ஒவ்வொரு விரல் இடுக்கையும் ஒற்றினார், விரல் இல்லாத இடத்தையும் ஒற்றினார். வழக்கத்தில் பாதத்தை முத்தமிடுவார்கள், எங்கே முத்தமிடுவார்கள் என்று ஓர் இடம் உண்டு. அவர் அந்த இடைவெளியில் முத்தமிட்டார். நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை, ஒன்றுமில்லை. எழும்போது மட்டும் என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அழுதேன். எழுதிவிட்டேன்.

29 மார்ச், பெரிய வெள்ளி

சடங்கு முடிந்து யாழ்ப்பாணத்துப் பெண்கள் கோயில் முற்றத்தில் கஞ்சி ஊற்றினார்கள். இங்கேயும் கஞ்சிதான். நானும் டோரிஸும் மதில் ஓரத்தில் உட்கார்ந்து குடித்தோம்.

"நேத்து நெஜமாவே அந்த நாற்காலில உட்காரவா போன?"

"குடிங்க, ஆறிடும்."

கஞ்சி பாதியானதும் கேட்டேன். முழங்கை விஷயத்தை எப்போது சொல்லிக்கொடுத்தாய் என்று. ஜனவரியிலேயே என்றாள். வெனிசில் பாலத்துக்குப் பாலம் படி, இந்தக் காலுக்கு ஆகாது என்று சொன்னதே அவர்தானாம். ரோமில் எந்தத் தெருவில் பெஞ்சு இருக்கிறது என்று கேட்டு வைத்ததும், கீழறை வேண்டும், இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி வேண்டும் என்று கேட்டதும் அந்தக் குரல்பதிவில்தானாம். சிரித்தது? நான் தூக்கத்தில் கோர்ட்டுத் தமிழில் பேசுவதைச் சொல்லிச் சிரித்தாளாம்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அத்தன நாளும் என்னப் பத்தியேவா பேசுனீங்க?"

கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்தாள். "வேற என்ன பேசுறது அவர்கிட்ட? எனக்குத் தெரிஞ்ச கதை உங்க கதை ஒண்ணுதானே."

மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். முழங்கையை விட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டுக்குள் இருந்த விஷயம். கதவைச் சாத்தி வைத்திருந்த விஷயம். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று ஓரத்தில் ஓர் எரிச்சல் இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

31 மார்ச், ஈஸ்டர்

நடுராத்திரிப் பாஸ்காப் பூசை முடிந்து தூங்கி, காலையில் எழுந்து அவரைத் தேடி மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதற்கு மேல் காலைத் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் இனிப்புநீர். ஆறு வருடமாகிறதாம். சம்பல் ஒரு கரண்டி. படியில் கைப்பிடி. என்ன குமாஸ்தா நான்?

"குதிகால் பக்கம் சரியாத் தெரிய மாட்டேங்குதுண்ணே" என்றார். பிறகு, "பார்க்க ஆள் இருக்கிறது ஒரு கொடுப்பினைதான். டோரிஸ் பேசுறதைக் கேட்டுட்டு ஒவ்வொரு நாளும் உங்க மேல வயித்தெரிச்சலா இருக்கும். பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

முப்பது வருடம் நான் தனியாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

கண்ணாடியை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். தரையில் உட்கார்ந்து அவர் காலை என் மடியில் தூக்கி வைத்து, போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். குதிகாலில் ஒரு வெடிப்பு. டோரிஸைக் கூப்பிட்டேன், களிம்பைக் கொண்டு வா என்று.

7 ஏப்ரல், ஞாயிறு, கிள்ளான்

வந்து சேர்ந்து நாலு நாளாகியும் தூக்கம் நேரம் மாறியே வருகிறது. பெட்டியில் இன்னும் கறித்தூள் வாசம்.

மாலையில் வீட்டுக்குள் புழுக்கம். பேசினை வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். டோரிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கொண்டுவந்து வைத்தாள். கேட் திறந்துதான் இருந்தது. சிவநேசன் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று, இத்தாலி எப்படி என்று கேட்டார். கண் கீழே போனது, விரல் இல்லாத இடத்துக்கு. நல்ல ஊர், ஆனால் கல் பதித்த தெரு, நம் காலுக்கு நல்ல சப்பாத்து வேண்டும் என்றேன். தன் மாமாவுக்கும் போன வருடம் இப்படித்தான் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

டோரிஸ் முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டாள். என் போன் சத்தம் போட்டது. ஞாயிறுதோறும் அனுப்ப வேண்டும் என்று நான் போட்ட உத்தரவு. திறந்தால் பலெர்மோவில் இருந்து ஒரு குதிகால், திரை முழுக்க. வெடிப்பு மூடிவிட்டது. கீழே எனக்கு ஒரு குரல்பதிவு. காதில் வைத்துக் கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு, ஃபாதரா?" என்றாள் டோரிஸ், முழங்கையை எடுக்காமல். "என்ன சொல்றாரு? குடுங்க, நானும் கேக்குறேன்."

நான் கொடுக்கவில்லை.